அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதா? பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

என் மாமியாருக்கு 78 வயது. நாலு வருஷமாக அல்சைமர் வகை டிமென்ஷியா. ராத்திரி மூணு தடவையாவது எழுந்து வாசல் கதவைத் தட்டுகிறார். கணவருக்குத் திருச்சியில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். இல்லம் என்று வாயைத் திறந்தாலே நாத்தனார்கள், "பெத்தவளைக் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கறீங்களா?" என்கிறார்கள். வீட்டில் இருந்தால்தான் நோயாளிக்கு நிம்மதி என்பது உண்மையா? (கும்பகோணம் வாசகி)

பாதி உண்மை. புதிய விஷயங்கள் மனதில் தங்காமல் போன பிறகும் பழக்கத்தில் ஊறியவை வெகுநாள் நிற்கும். நாற்பது வருஷம் புழங்கிய வீட்டில் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும், கால் தானாகக் கொல்லைப்பக்கம் போகும். அதனால் ஆரம்பக் கட்டத்திலும் நடுக்கட்டத்திலும் வீடுதான் நல்லது.

மறுபாதி, பார்த்துக்கொள்பவர் தூங்குகிறாரா என்பதில் இருக்கிறது. பேச்சின் அர்த்தம் பிடிபடாமல் போன பிறகும் முகமும் குரலும் அவர்களுக்குப் புரியும். மூன்று ராத்திரி தூங்காதவரின் குரலில் ஏறும் கடுப்பு மாமியாரின் பதற்றத்தைக் கூட்டும். அவர் பதற்றப்பட்டால் நாலாவது ராத்திரியும் உங்களுக்குத் தூக்கம் போகும்.

முதலில் ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், திரும்பப் படுக்க எவ்வளவு நேரம் ஆனது, துணி நனைந்ததா, யார் எழுந்து பார்த்தது. இந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். பிரஷருக்கான நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருந்தால் அதைக் காலைக்கு மாற்றினாலே சிலர் ராத்திரி எழுவது குறையும். மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவும் தூக்கக் குறைவும் தரும், அதையும் காலைக்கு மாற்றலாம். மாற்றுவது டாக்டர் சொல்லித்தான். மூட்டுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் நடந்து காட்டுவார்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வாரத்தில் நாலு ராத்திரிக்கு மேல் தூக்கம் கெடுகிறதா? அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருக்கிறதா? வீட்டை விட்டு வெளியே போய்விட்டாரா, கேஸைத் திறந்துவிட்டாரா, கை ஓங்குகிறாரா? இவற்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால், ஒரு ஆள் தனியாகப் பார்க்கும் நிலை முடிந்துவிட்டது. வீட்டுக்கு இன்னொரு ஆள் வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் இல்லத்துக்குப் போக வேண்டும். நாத்தனார்களிடம் வாதாட வேண்டாம். அந்த நோட்டைக் காட்டி, மாதத்தில் நாலு ராத்திரி யார் வந்து படுத்துக்கொள்வது என்று மட்டும் கேளுங்கள்.

நம் குடும்பங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு வழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: மாசம் ஒரு பிள்ளை வீடு. டிமென்ஷியாவுக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு முறையும் பாத்ரூம் எந்தப் பக்கம், படுக்கை எந்தப் பக்கம் என்பது புதிதாகிறது. ஒரு வீட்டில் பழகி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். நன்றாக நடக்கும் ஓர் இல்லத்தில் நிலையாக இருப்பது, மூன்று பிள்ளைகள் வீட்டில் சுற்றி வருவதைவிட மேல். முறை வைப்பதானால் பிள்ளைகள் வந்து போகட்டும், அம்மா இருந்த இடத்தில் இருக்கட்டும்.

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் நாலு மணி தாண்டினால் "வீட்டுக்குப் போகணும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். இது அவரே கட்டிய வீடு. பத்திரத்தை எடுத்துக் காட்டியும் பயன் இல்லை. (மதுரை வாசகர்)

பத்திரத்தை உள்ளே வையுங்கள். "இதுதாம்ப்பா உங்க வீடு" என்பது அவர் காதில் "உங்களைப் போக விட மாட்டோம்" என்றுதான் விழும். ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிற நேரம் அவர் உடம்பில் பதிந்திருக்கிறது. "போகலாம்ப்பா, சுண்டல் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லுங்கள். சாப்பிட்டதும் கூடவே தெருக்கோடி வரை நடந்து திரும்பி வாருங்கள். பலருக்கு வாசல் வழியாக மறுபடி உள்ளே நுழைவதே வீடு வந்து சேர்ந்ததாகிவிடும். தாத்தா பாட்டி எங்கே என்று அவர் கேட்டால் "செத்து முப்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. "பாட்டி என்ன சமைப்பாங்க?" என்று பேச்சைத் திருப்புங்கள்.

அந்தி நேரப் பதற்றத்துக்கு வெளிச்சக் குறைவும் ஒரு காரணம். இருட்டிய பிறகு விளக்குப் போடுவதை விட்டு, ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து "யாரோ நிக்கறான்" என்பார்கள், அதனால் திரையை மூடுங்கள். பகல் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்கு முன். மூன்றுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். காலையில் அரை மணி வெயில் படும்படி திண்ணையில் உட்கார வையுங்கள், ராத்திரித் தூக்கத்துக்கு அது உதவும். டி.வி. சீரியலில் போடும் சண்டை அவருக்கு வீட்டுக்குள் நடக்கும் சண்டைதான். அந்த நேரத்தில் அதை அணைப்பது யாருக்கும் நஷ்டமில்லை.

சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு போதாது. சட்டை மாறும், சீட்டு நனையும். காலரின் உட்பக்கம் துணிப்பட்டை வைத்துத் தைத்துவிடுங்கள். கதவுக்குக் கண் மட்டத்தில் இல்லாமல் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டால் பெரும்பாலும் அவர் கண்ணுக்குத் தப்பும். ஆனால் உள்ளே அவரைத் தனியாக விட்டுப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

குளிக்கக் கூப்பிட்டாலே அம்மா அடிக்க வருகிறார். வாரக்கணக்கில் குளிப்பதில்லை. (ஈரோடு வாசகி)

உங்கள் கடிதத்தில் "தலையில் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று பார்த்தேன்" என்ற வரி இருக்கிறது. சிக்கல் அங்கேதான். எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் தலையில் விழும் தண்ணீர் அவருக்குத் தாக்குதல். மேலே குளிர், துணி இல்லாத கூச்சம், ஈரத்தரையில் வழுக்கும் பயம் வேறு.

சோப்பு, துண்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே கூப்பிடுங்கள். பாதியில் விட்டுவிட்டு எடுக்கப் போகக் கூடாது. ஃபேனை அணைத்து, கதவைச் சாத்துங்கள். கைப்பிடி உள்ள, கால்களில் ரப்பர் குமிழ் போட்ட நாற்காலி வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஊற்றிச் சூடு பாருங்கள். துணியைக் கழற்றியதும் தோளில் ஒரு துண்டு. துண்டின் மேலேயே தண்ணீர் ஊற்றலாம். பாதத்தில் தொடங்கி முழங்கால், தொடை, கடைசியில் முதுகு. ஒரு சொம்பை அவர் கையிலும் கொடுங்கள், தானே ஊற்றிக்கொள்பவர் அடிக்க மாட்டார். தலைக்குளியல் வேறொரு நாள். எண்ணெய் தேய்ப்பதானால் தலைக்கு மட்டும், அதுவும் அறையில் உட்கார வைத்து. பாத்ரூமில் எண்ணெய் சொட்டிய தரையில் விழுந்துதான் இடுப்பெலும்பு உடைகிறது.

வாரம் இரண்டு குளியல் போதும். மற்ற நாட்களில் வெந்நீரில் பிழிந்த துணியால் முகம், கக்கம், தொடையிடுக்கு துடைத்தால் சரி. ஒரே புடவையைத்தான் கட்டுவேன் என்று அடம் பிடித்தால் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிடுகிறார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார். (நாகர்கோவில் வாசகர்)

தட்டைப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் இட்லி, பீங்கானில் தயிர்சாதம் என்றால் அங்கே உணவு இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த நோயில் நிற வேறுபாட்டைப் பிரிக்கும் திறன் குறையும். எவர்சில்வர் தட்டு விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக் கண்ணைக் குழப்பும். அடர்நீலத்திலோ சிவப்பிலோ ஒரே நிறத் தட்டு வாங்குங்கள், வாழை இலையும் நல்லதே. ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தம். நாலு கிண்ணம் வைத்தால் எதில் தொடங்குவது என்று தெரியாமல் எழுந்து போவார்.

இருமல் வேறு விஷயம், அதைத் தள்ளிப்போட வேண்டாம். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதன் அடையாளம் அது, நிமோனியாவில் கொண்டு விடும். விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு முறை காட்டுங்கள். அதுவரை, நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, டீஸ்பூனில் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கினாரா என்று தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்தது. சாப்பிட்டதும் அரை மணி படுக்க விடாதீர்கள். சாதமும் ரசமும் கலந்ததுபோல நீரும் பருக்கையும் சேர்ந்த உணவுதான் அதிகம் புரையேறும். மசித்த பருப்புச் சாதம், கெட்டியான கூழ் எளிது. மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

அட்டெண்டர் வைத்தால் இல்லம் தேவைப்படாதா? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். (கோவை வாசகர்)

தள்ளிப்போகும். ஆனால் "24 மணி நேர அட்டெண்டர்" என்று ஏஜென்சி சொல்வது ஒரே ஆளைத்தான். அவரும் தூங்க வேண்டும். பகலெல்லாம் பார்த்தவர் ராத்திரியும் விழித்திருப்பார் என்று கணக்குப் போட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் இல்லாத நேரத்தில்தான் விழுவார்கள். ராத்திரி எழும் நோயாளிக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டாக இரண்டு பேர் வேண்டும், இல்லையென்றால் ராத்திரி உங்கள் பொறுப்பு.

வருபவர் லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் அவசியம். நகைகளை முன்கூட்டியே கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். நோயாளி தானே ஒளித்து வைத்துவிட்டுத் திருட்டுப்பழி போடுவது இந்த நோயில் வாடிக்கை, நல்ல ஆட்கள் பலர் வேலையை விடுவது இதனால்தான்.

முதல் மூன்று நாள் வீட்டார் ஒருவர் லீவு போட்டுக் கூட இருங்கள். ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பக்கம் காது கேட்கும், எதற்குக் கோபம் வரும். சிறுநீருக்கு அவர் என்ன சொல்வார் என்பதையும். பாட்டி "கொல்லைக்குப் போகணும்" என்பார், வெளியூரிலிருந்து வந்த சின்னப்பெண் தோட்டத்துக்கு அழைத்துப் போவாள். துணி நனைந்த பிறகு "கட்டுப்பாடு போயிடுச்சு, டயபர் போட்டுடலாம்" என்று முடிவாகும்.

அம்மா ஸ்ரீரங்கத்தில், நான் சிங்கப்பூரில். இல்லங்களின் படங்களைப் பார்த்தால் எல்லாம் பளபளப்பாக இருக்கின்றன. நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி)

இரண்டு முறை போங்கள், இரண்டாவது முறை சொல்லாமல். முதலில் காலை பதினொரு மணிக்கு. ஹாலில் எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதி இல்லை, மாத்திரை. அடுத்து மாலை ஆறரை, ஏழு மணிக்கு, ஆட்கள் மாறும் நேரத்தில். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்கள் விழித்திருப்பவர்களா, படுத்துத் தூங்குபவர்களா என்று கேளுங்கள். "சிசிடிவி இருக்கு மேடம்" என்பது இதற்குப் பதில் ஆகாது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் நில்லுங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே திணிக்கிறாரா? தொடாத தட்டை அப்படியே எடுத்துப் போகிறார்களா? நாற்காலியோடு சேர்த்துத் துண்டாலோ வேட்டியாலோ யாரையாவது கட்டியிருக்கிறார்களா என்று இடுப்பையும் மணிக்கட்டையும் பாருங்கள். மூக்கில் ஏறும் ஃபினாயில் வாடையும் மூத்திர வாடை போலத்தான், அதையே மறைக்கப் பார்க்கிறது. கட்டிலிலிருந்து கழிப்பறை தெரிகிறதா, பக்கத்தில் பிடிமானக் கம்பி உண்டா, நடந்து சுற்றிவர உள்ளேயே இடம் உண்டா என்பவை ஏ.சி.யைவிட முக்கியம்.

எடைப் பதிவேட்டையும் விழுந்தவர்கள் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். "எங்க இல்லத்துல யாரும் விழுந்ததே இல்லை" என்றால் ஒன்று எழுதுவதில்லை, இல்லை யாரையும் நடக்க விடுவதில்லை. புதிதாகத் தூக்க மாத்திரையோ மனநோய் மருந்தோ தொடங்குமுன் குடும்பத்தைக் கேட்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதிலேயே முன்பணம் திரும்பக் கிடைப்பது, டயபருக்குத் தனிக் காசா, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது யார், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பவையும் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, மிக மோசமான கட்டத்தில் "அழைச்சிட்டுப் போங்க" என்ற போனை வாங்கியவர்கள் நிறைய.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பதை விளக்கும் இடத்தில் நினைவாற்றல் கோளாறையும் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்கிறது. உள்ளூரில் என்னென்ன வசதி உண்டு என்பதற்கு முதியோர் உதவி எண் 14567இல் கேட்கலாம்.

சேர்த்த பிறகு "ரெண்டு வாரம் வந்து பார்க்காதீங்க, அப்பதான் செட் ஆவாங்க" என்கிறார்கள். சரியா? (சென்னை வாசகர்)

சரியில்லை. முதல் சில வாரம் குழப்பம் கூடும், சாப்பாடு குறையும். அவரைப் பற்றி ஊழியர்களுக்கு எதுவும் தெரியாத நாட்களும் அவைதான், தெரிந்தவர் நீங்கள் ஒருவரே. பகல் நேரத்தில் சேருங்கள். அவர் தலையணை, போர்வை, சாமி படம், காபி டம்ளர் கூடப் போகட்டும். துணியிலும் பல்செட் டப்பாவிலும் பெயர் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் வேறொருவர் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார்.

பார்க்கப் போவது மதியச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி, முக்கால் மணி போதும். தட்டு வந்ததும் அவர் கவனம் அதில் போகும்போது கிளம்புங்கள். கட்டிப்பிடித்து அழுது விடைபெற்றால் அந்த அழுகை அவரிடம் சாயங்காலம் வரை தங்கும். போகும்போதெல்லாம் நகம், வாய், குதிகால், இடுப்பின் பின்பக்கம் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று அன்றே கேளுங்கள்.

நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இரண்டே நாளில் ஆளே அடையாளம் தெரியாமல் உளறுகிறார். நோய் முற்றிவிட்டதா? (சேலம் வாசகி)

இல்லை. டிமென்ஷியா இரண்டு நாளில் முற்றாது. இது மூளைத் திடீர்க் குழப்பம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்வறட்சி, நாலைந்து நாள் மலச்சிக்கல், விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சளிக்கு யாராவது அவில், சிபிஎம் போன்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தார்களா என்று பாருங்கள், இந்த வகை மருந்துகள் வயதானவர்களைக் குழப்பும். சத்தமில்லாமல் நாள் முழுக்கத் தூங்கி வழிவதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம்.

ஆவேசத்தை அடக்கித் தூங்கவைக்க மருந்து கேட்டால் டாக்டர் தயங்குகிறார். (வேலூர் வாசகர்)

நல்ல டாக்டர். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இலேயே எச்சரித்தது. லூயி பாடி வகை டிமென்ஷியாவில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடல் இறுகிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அபாயகரமான ஆவேசத்துக்கு, குறைந்த அளவில், சில வாரங்களுக்கு, நிறுத்தும் தேதியோடு கொடுப்பது வேறு.

அப்பாவிடம் பவர் எழுதி வாங்கிவிட்டால் இல்லக் கட்டணத்தை அவர் கணக்கிலிருந்தே கட்டலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

அவர் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரைதான் பவர் செல்லும். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி அது முடிவுக்கு வந்துவிடும். ஆகவே நோய் ஆரம்பத்திலேயே, அவருக்குப் புரியும்போதே, கணக்கை இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினி, டாக்டர் சான்றிதழோடு உயில் எல்லாவற்றையும் முடியுங்கள். வங்கிகள் ஏற்கும் கைநாட்டு வசதி உடல் இயலாதவர்களுக்கானது, மனம் புரியாத நிலைக்கு அது உதவாது. காலம் கடந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் காப்பாளராக நியமனம் பெறுவதுதான் வழி. டாக்டரின் மனநிலைச் சான்று, வாரிசுகள் அனைவரின் சம்மதக் கடிதம், சொத்து, வங்கிக் கணக்கு விவரங்கள் மூன்றையும் தயார் செய்துகொண்டு வக்கீலைப் பாருங்கள். ஓய்வூதிய உயிர்வாழ் சான்றிதழுக்கு அவரை அலைக்கழிக்க வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கோ இல்லத்துக்கோ வந்து எடுத்துத் தருவார்.